இருபது, இருபத்தொன்று, இருபத்தொன்பது

ஆவணி ஆறாம் தேதிக்கு என் நாட்குறிப்பில் எழுதியிருக்கும் ஒரு வரி தவறு. "மூலை மட்டம் சரியாக விழுந்தது" என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்திருக்கிறேன். அந்த வரியை நான் அடிக்கவில்லை. அடித்துவிட்டால் அன்று நான் அப்படித்தான் நம்பினேன் என்பதற்குச் சான்று இல்லாமல் போய்விடும். ஓரத்தில் சிவப்பு மையில் "ஆவணி எட்டு பார்க்க" என்று மட்டும் போட்டிருக்கிறேன். எட்டாம் தேதிக்கு ஒரு பக்கம் போதாமல் தனித்தாள் ஒன்றை ஒட்ட வேண்டியிருந்தது. அந்தத் தாளில் சுருக்கமாக இருப்பதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

என் தங்கை வீடு கட்டத் தொடங்கிய வருடம் அது. மனை, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்பு ஒன்றை ஒட்டிக் கிடந்தது. கிழக்குப் பார்த்த மனை, இருபத்தெட்டு அடி அகலம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு எல்லைக் கற்கள். நான்கையும் மனை வாங்கிய அன்றே நான் தொட்டுப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்.

அந்த வீட்டில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு சந்துதான். வீட்டின் தெற்குச் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே, முன்வாசலில் இருந்து பின்பக்கம் வரை, மூன்றடி அகலத்தில் ஒரு வழி. அது தங்கையின் கணவருக்காக.

மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்து திரும்பியபின் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை, மூட்டைகளுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய்விட்டது. அதன்பிறகு சக்கர நாற்காலி. அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் குளியலறை கொல்லைப்பக்கம் இருந்தது. அங்கே போக மூன்று கதவு நிலைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு வாசற்படி. ஒவ்வொரு படியிலும் தங்கை குனிந்து நாற்காலியின் முன்சக்கரத்தைத் தூக்கிவிடுவாள். காலையில் ஒருதரம், பகலில் இரண்டு மூன்றுதரம். சக்கரத்தை உருட்டும்போது நிலைக்கால்களில் உரசி அவருடைய விரல் முட்டிகள் எப்போதும் தோலுரிந்து கிடக்கும். முட்டிக்கு முட்டி பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்.

"குளிக்கப் போறதுக்கு ஒருத்தரக் கூப்பிடாம போகணும் மச்சான். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். புது வீட்டில் குளியலறை பின்பக்கம் வெளிவாசலோடு இருக்கும். இந்தச் சந்து வழியாக, படியே இல்லாமல், அவராகவே போய் வரலாம். நாற்காலி இருபத்தாறு அங்குலம். இரண்டு பக்கமும் கைக்கு இடம் விட்டால் முப்பத்திரண்டு. பூச்சு வேலைக்கும் தவறுக்கும் சேர்த்து மூன்றடி என்று முடிவு செய்திருந்தோம்.

தங்கைக்கு வேறொரு முடிவு இருந்தது. வீட்டின் எந்த அளவும் மனையடி சாஸ்திரத்துக்கு மாறாக இருக்கக் கூடாது. மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்த வாரம், வாடகை வீட்டு அறையைத் தன் தையல் டேப்பால் அளந்து பார்த்தாள். ஒன்பது அடி. பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் ஒன்பதுக்கு நேரே போட்டிருந்த கெட்ட பலனைப் படித்துவிட்டு மறுபடியும் அறையை அளந்தாள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் ஏன் எங்களுக்கு, ஏன் அன்றைக்கு என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை; அந்த ஒன்பது சொன்னது. அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆவணி ஆறு வாஸ்து நாள். சாரல் முடியப்போகிற நேரம். வெயிலும் தூறலும் மாறிமாறி வந்தன. பூஜைக்கு வடகிழக்கு மூலையில் ஒரு கம்பியை முளையாக அடித்து, மஞ்சள் பூசி, தங்கை தன் கையால் மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். பூஜை முடிந்து ஐயர் போனதும் கொத்தனார் நூல்கண்டை எடுத்தார். வடகரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், காதிடுக்கில் பென்சில்.

வீட்டின் முன்கோடு தெருவுக்கு இணையாக முதலிலேயே கட்டியாகிவிட்டது. அந்தக் கோட்டுக்குச் சரியான செங்குத்தாக வடக்குச் சுவரின் கோடு மேற்கே போக வேண்டும். அதற்குக் கொத்தனார்கள் செய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூலையில் இருந்து ஒரு கோட்டில் ஒன்பதடி, மற்றக் கோட்டில் பன்னிரண்டடி. இரண்டு புள்ளிக்கும் குறுக்கே பதினைந்தடி வந்தால் மூலை மட்டம். ஒன்பதின் வர்க்கத்தையும் பன்னிரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் பதினைந்தின் வர்க்கம். கொத்தனாருக்கு வர்க்கம் தேவையில்லை, பலன் போதும்.

"ஒம்பது பிடி" என்று அவர் சொன்ன சொல் வாயில் இருக்கும்போதே தங்கை எழுந்துவிட்டாள்.

"கொத்தனாரே, ஒம்பதா? இந்த மனையில ஒம்பத வைக்கக் கூடாது."

"யக்கா, இது நூலுக்குள்ள அளவு. செவுத்துக்கு இல்ல."

"எதுக்கா இருந்தா என்ன? பூஜை போட்டு மொத மொத அளக்குத அளவுல்லா. ஒம்பது ஆகாது, பன்னெண்டு ஆகாது, பதினஞ்சு ஆகவே ஆகாது. மூணையும் தேடித்தான் பிடிச்சிருக்கிய."

"நான் என்ன தேடியா பிடிச்சேன்? என் மாமனார் காலத்துல இருந்து ஒம்பது பன்னெண்டு பதினஞ்சுதான். அவரு கட்டுன வீட்டுலதான் நானே குடியிருக்கேன்."

"அந்த வீட்டுல நீங்க சந்தோசமாவா இருக்கிய?"

கொத்தனார் ஒரு கணம் யோசித்தார். "என் பெண்டாட்டிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

கடைசியில் ஆறு, எட்டு, பத்து என்று ஒப்பந்தமானது. மூன்றும் பஞ்சாங்கத்தில் நல்ல அடி. விகிதமும் அதேதான், மூன்று நான்கு ஐந்தை இரட்டித்தது. கொத்தனாருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "சின்னதா பிடிச்சா நீளத்துல தப்பு விழும் அண்ணாச்சி" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். வீட்டின் நீளம் நாற்பத்திரண்டு அடி. மூலையில் எட்டடி வரை பார்த்துவிட்டு, மீதி முப்பத்து நான்கு அடியை நம்பிக்கையில் நீட்ட வேண்டும். அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். கவனமாக அளந்தால் போகிறது என்றேன்.

மூலையில் டேப்பின் நுனியை வீட்டாள் கைதான் பிடிக்க வேண்டும் என்று தங்கை சொன்னதால் நான் உட்கார்ந்து பிடித்தேன். ஆறு வந்தது. எட்டு வந்தது. குறுக்கே பத்து, ஒரு நூல், அரைக்கால் அங்குலம்கூடப் பிசகாமல். அதை நம்பித்தான் அந்தத் தவறான வரியை எழுதினேன். மற்ற இரண்டு பக்கமும் இவற்றுக்கு இணையாக நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடி போட்டார்கள். ஒன்பதாம் தேதி காலை ஜேசிபி வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதாக ஏற்பாடு.

எட்டாம் தேதி காலையில் மாப்பிள்ளையை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். தன் வழியைப் பார்க்க வேண்டும் என்றார். மண் இறுகிக் கிடந்தது. வீட்டின் தெற்குக் கோட்டுக்கு ஒரு நூல், எல்லைக் கற்களுக்கு நடுவே ஒரு நூல். அந்த இரண்டு நூலுக்கும் இடையில் நாற்காலியை உருட்டிக்கொண்டு தனியாகப் போனார். நான் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தூரம் வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் அவர் கை ஒவ்வொரு முறை சக்கரத்தைத் தள்ளும்போதும் வலதுபக்கத்து நூல் அதிர்ந்தது. கடைசியில் இரண்டு நூலுமே அதிர்ந்தன. அவர் அங்கேயே நின்று, நூலைப் பார்த்தார், தன் விரல் முட்டியைப் பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் டேப்போடு ஓடினேன். முன்னால் முப்பத்தாறு அங்குலம். பின்னால் முப்பது.

கொத்தனார் வந்து தானும் அளந்தார். குனிந்தபடியே, "மனையே கோணலு அண்ணாச்சி. பின்கல்லு ரெண்டும் வடக்கே சாஞ்சு கெடக்கு" என்றார். வடக்குப் பக்கத்தையும் அளந்தார். அங்கே பின்னால் ஆறு அங்குலம் கூடுதலாக இருந்தது. "பாத்தியளா? வீடு மட்டமா இருக்கு. மனைதான் மட்டம் இல்ல."

அவர் சொல்வதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. பூஜை போட்ட முளையை நகர்த்தத் தங்கை விடமாட்டாள்; மனை கோணல் என்றால் இரண்டு வழிதான். தெற்குப் பக்கத்துப் பின் அறையில் ஆறு அங்குலம் குறைக்க வேண்டும். அல்லது சந்து முப்பது அங்குலத்தோடு நிற்க வேண்டும். அந்த அறையின் உள்ளளவு பத்தடி. ஆறு அங்குலம் போனால் ஒன்பதரை.

தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.

"முப்பது போதும்லா" என்றார் மாப்பிள்ளை. "பட்டாளத்துல இதவிடச் சின்னச் சந்துல ரைபிளோட போயிருக்கேன். கொஞ்சம் உரசும், அவ்வளவுதான். அவ ரூம்ல கை வைக்காதிய."

"என்ன கொஞ்சம் உரசும்? பூச்சுக்கு ரெண்டு இஞ்சு போச்சுன்னா இருவத்தெட்டு. உங்க நாற்காலி போகும். கை எங்கன போகும்?" என்றாள் தங்கை. "உங்களுக்கு வழி இல்லன்னா எனக்கு இந்த வீடே வேண்டாம்."

"ஏட்டி, பூஜை போட்ட இடத்துல வேண்டாங்காத."

அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிற மும்முரத்தில் இருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மனை உண்மையிலேயே கோணலா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கொத்தனாரின் நைலான் கயிற்றை எடுத்து, வீட்டுக் கோட்டின் ஒரு மூலையில் இருந்து எதிர்மூலைக்குப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை மற்ற இரண்டு மூலைகளுக்குக் குறுக்கே பிடித்தேன். நான்கு மூலையும் செங்குத்தாக இருந்தால் இரண்டு குறுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வித்தியாசம் வந்தது. கோணல் மனையில் இல்லை. எங்கள் நூலில் இருந்தது.

கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபம் வந்ததில் தவறும் இல்லை; அவர் முகத்துக்கு நேரே மட்டம் தப்பு என்றால் யாருக்கும் வரும். "ஈரக் கயிறு அண்ணாச்சி. இழுத்தா நீளும். நீங்க இந்தப் பக்கம் பலமா இழுத்திருப்பிய. நம்பர்ல காட்டுங்க. ஆறு எட்டு பத்துக்கு நான் பொறுப்பு."

நம்பர் வேண்டும் என்றால் பெரிய முக்கோணம் வேண்டும். பெரிய முக்கோணம் என்றால் தங்கையின் பஞ்சாங்கம் குறுக்கே நிற்கும். சிமெண்ட் மூட்டைக்கென்று போட்டிருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, அவள் கூடையில் இருந்த பஞ்சாங்கத்தை வாங்கிப் பின்பக்கத்தை விரித்தேன். நல்ல அடிகளை மட்டும் ஒரு துண்டுத்தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் வர்க்கத்தைப் போட்டேன். வெளியே தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

எட்டு, பதினைந்து, பதினேழு: நடுவில் பதினைந்து ஆகாது. பத்து, இருபத்துநான்கு, இருபத்தாறு: இருபத்துநான்கு ஆகாது. பன்னிரண்டு, பதினாறு, இருபது: தொடக்கமே ஆகாது. இருபத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்தைந்து மூன்றும் நல்லவை. ஆனால் கொத்தனாரின் டேப் முப்பத்து மூன்று அடியோடு முடிந்துவிடும். பிறகு இருபதின் வர்க்கம் நானூறையும் இருபத்தொன்றின் வர்க்கம் நானூற்று நாற்பத்தொன்றையும் கூட்டினேன். எண்ணூற்று நாற்பத்தொன்று. அந்த எண் அதே தாளில் கீழே ஏற்கெனவே இருந்தது, இருபத்தொன்பதுக்கு நேரே.

தங்கையைக் கூப்பிட்டு மூன்று எண்ணையும் சொன்னேன். அவள் பஞ்சாங்கத்தை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றுக்கும் நல்ல வாக்கு.

"இருவத்தொம்பதுல ஒம்பது இருக்கேண்ணே" என்றாள்.

"அது வேற, இது வேற. போட்டிருக்கத நீயே படிச்சியே."

மறுபடி படித்தாள். "சரிதான்" என்று பஞ்சாங்கத்தை மூடினாள்.

கொத்தனார் தன் போனை எடுத்து இருபத்தொன்பதை இருபத்தொன்பதால் பெருக்கிப் பார்த்தார். பிறகு இருபதை, இருபத்தொன்றை. கூட்டினார். "எட்டு நாலு ஒண்ணு. இப்பிடி ஒரு கணக்கு இருக்குன்னு எந்தப் பயலும் சொல்லலயே" என்றார். கோபம் போய்விட்டது. "வாங்க, பிடிச்சிருவோம்."

மறுபடியும் நான் மூலையில் உட்கார்ந்தேன். டேப்பின் நுனியை முளையில் வைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். இரண்டு நாள் வெயிலிலும் தூறலிலும் மல்லிகைச் சரம் வாடிச் சுருங்கி, கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. ஆறாம் தேதி அது புதுப்பூ. கசங்கிவிடக் கூடாதே என்று நுனியைப் பூவுக்கு வெளியே வைத்துப் பிடித்தது என் விரலுக்கு இப்போது நினைவு வந்தது. முன்கோட்டுக்குப் பிடித்தபோதும் அப்படி, வடக்குக் கோட்டுக்குப் பிடித்தபோதும் அப்படி. கம்பியின் நடுவில் இருந்து பூவின் விளிம்பு வரை அரை அங்குலமாவது இருந்திருக்கும். இரண்டு பக்கமும் அரை அங்குலம் கூடிவிட, குறுக்கு மட்டும் கச்சிதமாகப் பத்து. அதனால் மூலை கொஞ்சம் உள்ளே மூடிக்கொண்டது. எட்டடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத அது, நாற்பத்திரண்டு அடி போய்ச் சேரும்போது ஆறு அங்குலமாக மாப்பிள்ளையின் வழிக்குள் நுழைந்திருந்தது.

"கொத்தனாரே, உங்க மேல தப்பு இல்ல. நான் பூவச் சேத்துப் பிடிச்சிருக்கேன்" என்றேன்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். கட்டைவிரலைப் பூவின்மேல் வைத்து அழுத்தினார். "முப்பது வருசத்துல கல்லு தப்பாப் போயிருக்கு, கம்பி தப்பாப் போயிருக்கு. பூ தப்பாப் போனது இதான் மொதத் தடவ" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. பூஜைப் பூவைக் குற்றம் சொன்னதாக அவள் எடுத்துக்கொள்வாளோ என்று பயந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சரத்தின் முடிச்சைத் தேடி அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாகப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் காய்ந்த வெறுங்கம்பி வெளியே வந்தது.

"இப்பப் பிடிங்கண்ணே. அளந்து முடிச்சதும் புதுப்பூ சுத்திக்கிடலாம். சாமி கோவிக்காது."

கம்பியின் நடுவில் இருந்து முன்கோட்டில் இருபது. வடக்குக் கோட்டில் இருபத்தொன்று. குறுக்கே இருபத்தெட்டு அடி பத்து அங்குலம். இரண்டு அங்குலம் குறைவு. கொத்தனார் எண்ணை உரக்கப் படித்துவிட்டு எழுந்து மேற்குக் கோடிக்கு நடந்தார். அங்கே இருந்த முளையைப் பிடுங்கி வடக்கே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். நான் மூலையில், அவருடைய ஆள் ஒருவர் குறுக்கே டேப்போடு.

"எவ்வளவு?"

"ஒரு இஞ்சு குறையுது."

"இப்ப?"

"அரை."

"இப்ப?"

"இருவத்தொம்பது. ஒரு நூல் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

முளையை அடித்தபின் பழைய குழிக்கும் புதிய குழிக்கும் இடையே அளந்தேன். ஆறு அங்குலம். தெற்குக் கோட்டையும் அதே அளவு நகர்த்தினார்கள். நைலான் கயிற்றை மறுபடி குறுக்கே பிடித்தபோது இரண்டு பக்கமும் முடிச்சு கம்பியிலேயே வந்து நின்றது. "இப்ப ஈரக் கயிறு நீளலயோ?" என்று மாப்பிள்ளை கொத்தனாரைச் சீண்டினார். "காஞ்சு போச்சு சார்" என்றார் அவர், தூறலில் நனைந்துகொண்டே.

மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சந்தின் தொடக்கத்துக்குப் போனார். யாரும் தள்ளவில்லை. இரண்டு நூலுக்கும் நடுவே அவர் முதுகு தூரமாகிக்கொண்டே போனது. நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வந்தது. முன்பு அதிர்ந்த இடம் வந்தது. நூல் தூறல் துளிகளைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. கடைசிக் கம்பியைத் தாண்டி வலதுபக்கம் திரும்பி, குளியலறை வரப்போகிற இடத்தில் போய் நின்றார்.

அங்கேயே நின்றார். வீடு இன்னும் சுண்ணாம்புக் கோடுதான். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு செங்கல்கூட இல்லை. ஆனாலும் தங்கை ஓரடி எடுத்து வைத்தபோது அது யாருடைய அறைக்குள்ளோ நுழைவதுபோல எனக்குப் பட்டது. அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். நின்றுவிட்டாள். கையில் இருந்த வாடிய பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவர் மேற்கே மலையில் இறங்கியிருந்த மேகத்தைப் பார்த்தபடி இருந்தார். எத்தனை நிமிடம் என்று நான் குறிக்கவில்லை. பிறகு, வீட்டின் பின்பக்கத்தில் இருந்து முன்பக்கத்துக்குக் கூப்பிடுகிற குரலில், தேவைக்கு மேலேயே சத்தமாகக் கத்தினார்.

"ஏட்டி! இங்கன தண்ணி தேங்கும் போலிருக்கு. கொத்தனார்ட்ட தண்ணி ஓட வாட்டம் பாத்துப் போடச் சொல்லு. நீ வர வேண்டாம். அங்கன இருந்தே சொல்லு!"